பைசனின் நீள அகல உயரங்கள்

உலகத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் உண்டு. வண்டி ஓட்டுபவர்கள் உண்டு. வண்டிக்காக நின்று கால் கடுப்பவர்கள் நம்மைப் போல ஏராளம் உண்டு. இந்த மூன்றிலும் சேராத நான்காவது இனம் ஒன்று இருக்கிறது. இவர்களிடம் வண்டி கிடையாது, லைசென்ஸ் கிடையாது, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால்கூட ஓட்டுகிறவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் எந்த வண்டியைக் காட்டினாலும் அதன் நீளம் என்ன, அகலம் என்ன, தரைக்கும் அடிவயிற்றுக்கும் இடைவெளி என்ன, உள்ளே எத்தனை குதிரையைக் கட்டியிருக்கிறார்கள் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். இவர்களை அளவுமன்னர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவில் ஒருவராவது நிச்சயம் இருப்பார்.

கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு டேப் எட்டிப் பார்க்கும். புது வண்டி வந்தால் ஊரார் 'நல்லாயிருக்கே' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள், மன்னர் நகரமாட்டார். குனிந்து அடிப்பக்கம் பார்ப்பார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல, டயரின் ஓரத்தில் பொறித்திருக்கும் எண்களை விரலால் தடவிப் படிப்பார். பிறகு நிமிர்ந்து, வண்டிக்காரரைப் பார்த்து இரக்கத்தோடு ஒரு கேள்வி கேட்பார்: "எஞ்சினோட டார்க் எவ்ளோன்னு தெரியுமா?" பாவம், வண்டிக்காரருக்குத் தெரியாது. அவர் வண்டியை வாங்கியவர்தானே, படித்தவர் இல்லையே.

"நீங்க ஓட்டிப் பாத்திருக்கீங்களா?" என்று யாராவது திருப்பிக் கேட்டால் மன்னர் அசரமாட்டார். "ஓட்டறது டிரைவர் வேலை. வண்டியப் புரிஞ்சுக்கறது வேற" என்பார். கேட்டவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

நம்முடைய மன்னர் அந்தமானில், ஹேடோ துறைமுகப் பக்கம் இருந்தார். பெயர் ராஜசேகர். துறைமுகப் பணிகள் இலாகாவில் ஸ்டோர் கிளார்க். மெயின்லேண்டிலிருந்து வரும் நட்டு, போல்டு, கயிறு, பெயிண்ட் எல்லாம் அவர் கையெழுத்து இல்லாமல் அசையாது. மனைவி ஷோபா, ஒரே மகள் திவ்யா, கப்பல்துறைக்கு மேலே மேட்டில் ஒரு குவார்ட்டர்ஸ் வீடு, அளவான தொப்பை. அளவான என்றால் அது வளர்ந்துகொண்டிருந்த அளவு. உலகத்தில் அவர் டேப் வைத்துப் பார்க்காத பொருள் அது ஒன்றுதான்.

மெயின்லேண்டில் இந்த இனம் நெடுநாள் பிழைக்காது. அங்கே ஒருவர் ஒரு எண்ணைச் சொன்னால் அடுத்த தெரு ஷோரூமில் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்து சட்டையைப் பிடிக்கலாம். அந்தமானில் அது நடக்குமா? ராஜசேகர் உயிராய் நேசித்த வண்டியின் பெயர் பைசன். ஏழு பேர் காலை நீட்டி உட்காரும் பிரம்மாண்டமான வண்டி. அதைக் கண்ணால் பார்க்கவே கப்பலேறி சென்னைக்குப் போக வேண்டும். ஒரு மனிதனின் புள்ளிவிவரத்தைப் பொய்யாக்குவதற்காக மூன்று நாள் கடலில் வாந்தி எடுக்க யார் தயாராக இருக்கிறார்கள்? அதனால் ஹேடோவில் அவர் கொடி தடையில்லாமல் பறந்தது.

அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்னைக்குப் போய்வந்த யாரோ கொண்டுவந்த வழவழப்பான விளம்பரப் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்த எல்லா எண்களும் அவருக்கு மனப்பாடம். பஞ்சாங்கம் பார்க்கிற வீட்டில் நல்ல நேரம் பார்ப்பது போல காலையில் ஒருமுறை அதைப் புரட்டினால்தான் அவருக்கு இட்லி இறங்கும். சொன்ன எண் ஒவ்வொன்றும் நூற்றுக்கு நூறு சரி. சரியாக இருந்து என்ன செய்ய என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் பைசன் ஒன்பது நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். தொடட்டும். ஹேடோவிலிருந்து அபர்டீன் பஜாருக்குப் போகும் வழியில் நாற்பதைத் தொட்டாலே எதிரில் ஒரு மேடு, மேட்டில் ஒரு வளைவு, வளைவில் ஒரு மாடு. பைசனின் டாங்கியில் தொண்ணூற்று மூன்று லிட்டர் டீசல் பிடிக்கும். பிடித்து? எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். இதையெல்லாம் டீக்கடையில் சொல்லி அவரை மடக்க ஆளில்லாமல் இல்லை. பக்கத்து வீட்டு நாகமுத்து இருந்தார். கப்பல்துறையில் கிரேன் ஓட்டுகிறவர்.

"அரே பாய், எல்லாம் டீக் ஹை, சரிதான்," என்பார் நாகமுத்து, தீவில் எல்லோரையும் போல இந்தியைக் கலந்து. "தண்ணி வந்தா எவ்ளோ ஆழம் வரைக்கும் போவும், அதச் சொல்லு."

சுனாமிக்குப் பிறகு தீவில் எந்த வண்டியைப் பற்றிப் பேசினாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி இது.

"எழுநூறு மில்லிமீட்டர்."

"தமிழ்ல சொல்லு பாய்."

"தொடை வரைக்கும்."

"அப்ப நமக்கு மரம் ஏறறதுதான்," என்று சொல்லிவிட்டு நாகமுத்து டீயைக் குடிப்பார். கடை முழுக்கச் சிரிக்கும். ராஜசேகரும் கூடச் சிரித்துவிடுவார், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

அந்தத் தாமதத்துக்குக் காரணம் ஷோபாவுக்கு மட்டும்தான் தெரியும். சுனாமி வந்த அன்று காலையில் ஊரே மேட்டுக்கு ஓடியபோது, சின்னப் பெண்ணாக இருந்த திவ்யா அவர் தோளில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டே, "இன்னும் எவ்ளோ தண்ணி வரும்ப்பா?" என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அவளுடைய அப்பா அவர்தானே, மற்றவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் பரவாயில்லை, அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? பதில் இல்லாமல் நின்றது அவருக்கு ஆறவே இல்லை. அடுத்த மாதம் அந்த டேப் சட்டைப் பைக்குள் வந்தது. அதன்பிறகு அவர் மகளிடம் எந்தக் கேள்விக்கும் எண் இல்லாமல் பதில் சொன்னதில்லை. ஷோபா இதைக் கவனித்திருந்தாள், அதனால்தான் பொறுத்துக்கொண்டாள். வேறு ஒருத்தியாக இருந்தால் அந்த விளம்பரப் புத்தகம் என்றைக்கோ அடுப்புக்குப் போயிருக்கும்.

இப்படி வருஷங்கள் ஓடின. ஷோபாவின் தம்பி யோகராஜ் சாலை காண்டிராக்டில் கொஞ்சம் நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் வண்டி வாங்க ஆசைப்பட்டான். ஆசைப்பட்டவன் யோசனை கேட்டது யாரிடம் என்று நினைக்கிறீர்கள்?

அவன் வந்து உட்கார்ந்து, "மச்சான், ஒரு ஜீப் பாக்கலாம்னு..." என்று ஆரம்பித்ததுதான் தெரியும். ராஜசேகர் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தார். ராத்திரி சாப்பாட்டுக்கு இலை போடும்வரை ஜீப் என்ற சொல் அந்த வீட்டில் மறுபடி கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் சென்னையிலிருந்து வந்த கப்பல் ஒன்றில் கறுப்புப் பைசன் வந்து இறங்கியது.

இறக்கியவர் நாகமுத்து. கீழே நின்று கையை ஆட்டி ராஜசேகர் கத்தினார்: "பாத்து! வண்டி எடை ரெண்டாயிரத்து அறுநூறு கிலோ!" மேலே கிரேன் கூண்டிலிருந்து நாகமுத்து எட்டிப் பார்த்தார். "பாய், நான் தெனம் இருபது டன் பெட்டி தூக்கறவன். கொஞ்சம் தள்ளி நில்லு, உன் எடை எனக்குத் தெரியாது."

பைசனின் நான்கு சக்கரமும் தரையைத் தொட்டன. ராஜசேகர் மெல்லக் கிட்டே போய் பானெட்டின் மேல் கையை வைத்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் ஃபோட்டோவைவிட நேரில் அழகாக இருந்துவிட்டால் மனிதன் எப்படி நிற்பானோ அப்படி நின்றார்.

அதே வாரத்தில்தான் திவ்யாவுக்குச் சென்னையில் நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியும் வந்தது. குறித்த தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அந்தத் தேதிக்கு முன்னால் ஒரே ஒரு கப்பல்தான் இருந்தது. வரிசையில் நின்று இடிபட்டு கப்பலில் படுக்கை இடத்துக்கான ஒரு பங்க் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. கப்பலில் தெரிந்த டீச்சர் ஒருவர் துணைக்குப் போகிறார். இனிக் கப்பலுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

குவார்ட்டர்ஸிலிருந்து கப்பல்துறை கேட் எவ்வளவு தூரம்? இறக்கத்தில் பத்து நிமிஷம். பெட்டியோடு நடந்தால் கால்மணி.

"பொடிநடையா எறங்கிடலாங்க," என்றாள் ஷோபா. "யோகு பெட்டியத் தூக்கிக்குவான்."

"நடந்தா?" என்றார் ராஜசேகர். "பைசன் இருக்கறப்ப நடந்தா? புள்ள படிக்கப் போறா. வீட்டு வாசல்ல ஏறி கப்பல் வாசல்ல எறங்கணும்."

அளவுமன்னர் ஒரு முடிவெடுத்தால் அதற்கு முன்னால் அளக்காமல் இருப்பாரா? குவார்ட்டர்ஸ் லைனில் வலது பக்கம் மண் சரியாமல் இருக்கக் கட்டிய கல்சுவர், இடது பக்கம் வரிசையாக வீடுகள், நடுவில் ஒரு சந்து. சந்து ஓரிடத்தில் லேசாக வளைந்து கடைசி வீட்டோடு முடிந்துவிடும். ராஜசேகர் வீடு அந்த வளைவுக்கு உள்பக்கம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அளந்தார். எங்கும் ஒன்பது அடிக்குக் குறையவில்லை. பைசன் ஆறே முக்கால் அடி கூட இல்லை. "தாராளமா போகும்," என்றார். தாராளமாகத்தான் போகும். டேப்பும் பொய் சொல்லவில்லை, புத்தகமும் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்தச் சந்துக்கு இன்னொரு அகலம் உண்டு. ஹேடோவில் குழாய்த் தண்ணீர் தினம் வராது. மூன்று நாளுக்கு ஒருமுறை, அதுவும் அதற்குத் தோன்றின நேரத்தில் வரும். வந்ததும் யாராவது ஒருத்தி "பானீ!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அவ்வளவுதான். வராந்தாவில் கவிழ்த்துக் கிடந்த நீல டிரம்கள் எல்லாம் உருண்டு வந்து வீட்டுக்கு முன்னால் சந்தில் வரிசை கட்டிவிடும். ஹோஸ்கள் பாம்பாக நெளியும். நிறைந்த டிரம்மைச் சிந்தாமல் நகர்த்த நான்கு ஆண்கள் சேர்ந்தாலும் முடியாது. அதிலிருந்து ஒரு சொட்டைச் சிந்த அந்த வீட்டுப் பெண் விடமாட்டாள். மூன்று நாளைக்குக் குடிக்க, குளிக்க, சமைக்க அதுதான். ராஜசேகர் வீட்டை ஒட்டியிருந்த கடைசி வீட்டு அழகம்மா, டிரம்மில் பந்தடித்த ஒரு பையனின் அப்பாவை சாயங்காலம் வரை நிற்க வைத்துத் திட்டியிருக்கிறாள். பையன் தப்பித்துவிட்டான்.

ராஜசேகர் அளந்த அன்று டிரம்களெல்லாம் வராந்தாவில் இருந்தன. கப்பல் புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. லைன் முழுக்க வற்றிப்போன எரிச்சலில் இருந்தது. ராஜசேகருக்கு மட்டும் அது உறைக்கவே இல்லை. அவர் மனசு முழுக்கக் கறுப்பாக, பளபளப்பாக, ஐந்தே கால் மீட்டர் நீளத்துக்குப் பைசன் நின்றிருந்தது.

கப்பல் நாள் வந்தது. யோகராஜ் வண்டியைச் சந்துக்குள் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். லைன் முழுக்க வந்து பார்த்தது. பெட்டியையும் படுக்கையையும் டிக்கியில் ஏற்றினார்கள். ஷோபா புளிச்சாதம் கட்டிக்கொண்டிருந்தாள். "அவ வர்ற வரைக்கும் வெயில்ல ஏன் நிக்கணும்? ஏறுங்க, ஏசி போடுவோம்," என்றார் ராஜசேகர். திவ்யா பின்னால் ஏறினாள், யோகராஜ் ஸ்டீயரிங்கில், மன்னர் முன்னால், இடது பக்கம், சிம்மாசனத்தில்.

கதவைச் சாத்தினார். வெளிச் சத்தம் கத்தரித்தது போல நின்றது.

"கவனிச்சியா பாப்பா?" என்றார் தழுதழுத்து. "இதான் கேபின் இன்சுலேஷன். கதவுக்கு மூணு லேயர் ரப்பர். வெளிய இடி விழுந்தாக்கூட உள்ள நாப்பது டெசிபல்தான்."

"டீக் ஹைப்பா," என்றாள் திவ்யா. அவள் ஜன்னல் வழியாகத் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்கவேண்டியவர் பார்க்கவில்லை. அவர் சீட்டைப் பத்து விதமாக நகர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். ஏர்பேக் எத்தனை, அது எத்தனை மில்லி செகண்டில் விரியும், பின்சீட்டை மடித்தால் எத்தனை லிட்டர் இடம், சஸ்பென்ஷன் எத்தனை அங்குலம் ஏறி இறங்கும் என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. மகள் போகப் போகிறாள். நேரம் நெருங்க நெருங்க எண்கள் வேகமாக வந்தன. யோகராஜ் நல்ல காற்றில் கண்ணை மூடிவிட்டான்.

வெளியே யாரோ "பானீ!" என்று கத்தினார்கள். நாற்பது டெசிபலுக்குள் அது வரவில்லை.

நடுவில் ஒருமுறை ஷோபா வந்து கண்ணாடியைத் தட்டினாள். வாயசைத்து என்னவோ சொல்லிக் கையால் பின்னால் காட்டினாள். ராஜசேகர் பெருமையோடு புன்னகைத்து, 'ஆமாம், பின்னாலும் ஏசி உண்டு' என்று தலையாட்டினார். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு போனாள். போய்ச் சும்மா நின்றாளா? தண்ணீர் வந்திருக்கிறது, புருஷன் வண்டிக்குள் இருக்கிறான். இரண்டில் எது ஓடிப்போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். தன் டிரம்மையும் உருட்டிக்கொண்டு வந்து வரிசையில் வைத்து ஹோஸைச் சொருகினாள். நிறைந்த பிறகுதான் புளிச்சாதப் பொட்டலத்தோடு வந்து வாசலில் நின்றாள்.

யோகராஜ் விழித்து ரிவர்ஸ் போட்டான். வண்டி நாலடி பின்னால் போனது. வண்டிக்குள் ஒரு மணி அடித்தது. பிறகு இரண்டு மணி. பிறகு தேர்த் திருவிழா போல எல்லாம் சேர்ந்து அடித்தன.

"என்னடா மாப்ளே?"

யோகராஜ் கண்ணாடிகளைப் பார்த்தான். வலது பக்கம் கல்சுவர், ஒரு விரற்கடை. இடது பக்கம் தளும்பத் தளும்ப நீல டிரம்கள், ஒரு விரற்கடை. பின்னால் சந்து வளைகிற இடத்தில் இன்னும் ரெண்டு.

"மச்சான், டர்னிங் ரேடியஸ் எவ்ளோ?"

"அஞ்சு புள்ளி ஒம்போது மீட்டர்."

"நம்மகிட்ட எவ்ளோ இருக்கு?"

ராஜசேகர் வாழ்க்கையில் இரண்டாவது தடவையாகப் பதில் சொல்லாமல் இருந்தார். கதவைத் திறந்து பார்த்தார். ஒரு விரற்கடை திறந்து டிரம்மில் இடித்து நின்றது. அந்த விரற்கடை வழியாக லைனின் சத்தம் முழுக்க உள்ளே வந்தது.

"அங்கயே நில்லு!" என்றாள் வெளியே அழகம்மா. "ஒரு சொட்டு சிந்திச்சு, வண்டிய ரெண்டா வெட்டி வெளிய எடுப்பேன்."

"வாளியால மொண்டு எடுத்தா?" என்றான் யோகராஜ்.

"எதுல ஊத்தறது, உன் தலையிலயா? வூட்டுல சொம்பு வரைக்கும் ரொப்பியாச்சு."

டிக்கி மட்டும் திறந்தது. நாகமுத்து பெட்டியையும் படுக்கையையும் இழுத்து வெளியே போட்டார். திவ்யா பின்சீட்டைத் தாண்டிக் குதித்தாள். யோகராஜ் ஒல்லி, உடும்பு மாதிரி ஊர்ந்து வெளியேறினான். மிச்சம் இருந்தது மன்னர். அவரும் புறப்பட்டார். முன்சீட்டு இரண்டுக்கும் நடுவில் தலை போயிற்று, தோள் போயிற்று. டேப் வைத்துப் பார்க்காத பொருள் போகவில்லை. திரும்பி வந்து ஜன்னலில் முயன்றார். அங்கும் அதே கதை. ஏழு பேர் காலை நீட்டி உட்காரும் வண்டியிலிருந்து ஒரு ஆளால் இறங்க முடியவில்லை.

கீழே கப்பல் முதல் சங்கை ஊதியது. கேட்டை மூடப் போகிறார்கள்.

"நீ போ பாப்பா," என்றார் ராஜசேகர். "மாமா கூட ஓடு. எனக்கு இங்க ஏசி இருக்கு."

திவ்யா போகவில்லை. டிக்கிப் பக்கம் நின்று, ஐந்தே கால் மீட்டர் நீளத்துக்கு அந்தக் கோடியில் தெரிந்த அப்பாவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்க வராம நான் போமாட்டேன்," என்றாள்.

"கேட் மூடிருவான்."

"மூடட்டும்."

"சீட் போயிரும்மா."

"போவட்டும்."

அவள் அவருடைய மகள்தான். ஒரு எண்ணைப் பிடித்தால் அவர் விடமாட்டார், ஒரு சொல்லைப் பிடித்தால் அவள் விடமாட்டாள். முன்கதவு திறக்க இரண்டு டிரம் போக வேண்டும். ஒன்று ஷோபாவுடையது, இன்னொன்று அழகம்மாவுடையது. இரண்டு வீட்டின் மூன்று நாள்.

ஷோபா புளிச்சாதப் பொட்டலத்தை நாகமுத்துவிடம் கொடுத்தாள். சேலையை இழுத்துச் சொருகினாள். தன் டிரம்மின் விளிம்பைப் பிடித்து, வீட்டுச் சுவரில் முதுகைக் கொடுத்துச் சாய்த்தாள். யோகராஜ் ஓடிவந்து கைகொடுத்தான். தண்ணீர் சந்து முழுக்கப் பரவி இறக்கத்தில் ஓடிற்று.

எல்லோரும் அழகம்மாவைப் பார்த்தார்கள். அவள் தன் டிரம்மைப் பார்த்தாள், வண்டிக்குள் இருந்த ராஜசேகரைப் பார்த்தாள், கடைசியாக அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"போற புள்ளைய அப்பன் வழியனுப்பலேன்னா," என்றாள், "இந்த மனுஷன் சாவற வரைக்கும் கேட்டுக்கும் வூட்டுக்கும் எத்தன அடின்னு சொல்லிட்டே திரிவான். யாரால கேக்க முடியும்?" அப்புறம் அவளே டிரம்மைச் சாய்த்துத் தள்ளினாள்.

கதவு திறந்தது. மன்னர் கணுக்கால் தண்ணீரில் இறங்கினார். "எழுநூறு மில்லிமீட்டருக்குக் கம்மிதான் பாய், பயப்படாம வா!" என்றார் நாகமுத்து. லைன் சிரித்தது. சிரித்துக்கொண்டே பெட்டியை ஒருவர், படுக்கையை ஒருவர், பொட்டலத்தை ஒருவர் என்று தூக்கிக்கொண்டு எல்லோரும் இறக்கத்தில் ஓடினார்கள். ராஜசேகர் இவ்வளவு வேகமாக ஓடி ஹேடோவில் யாரும் பார்த்ததில்லை. ஒன்பது நொடியில் நூறைத் தொட்டிருக்கமாட்டார். ஆனாலும் தொட்டது போலத்தான் இருந்தது.

கேட் மூடப் பாதி இழுத்திருந்தார்கள். துணைக்குப் போகும் டீச்சர் உள்ளே நின்று கையை வீசிக்கொண்டிருந்தார். திவ்யா அம்மாவைக் கட்டிப் பிடித்துவிட்டு அப்பாவிடம் வந்தாள். அவருக்கு மூச்சு வாங்கியது. இரண்டு வீட்டுத் தண்ணீரைக் கொட்டி வாங்கின நேரம் இது, இப்போதாவது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார்.

"கப்பல் நீளம் நூத்தம்பது மீட்டருக்கு மேல. லைஃப் போட் ரெண்டு பக்கமும் இருக்கு. உன் பங்க்குக்கு..."

"அப்பா."

"...கிட்டக்க இருக்கற படி எதுன்னு ஏறுனதும் பாத்து வச்சுக்க."

"சரிப்பா," என்றாள். அவர் சட்டைப் பையைத் தட்டி, டேப்பை நேராக வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

வளைவில் நின்ற டிரம்களின் தண்ணீரைக் காலியான இரண்டு டிரம்முக்கு மொண்டு மாற்றிப் பைசனை வெளியே எடுத்தார்கள். அடுத்த மூன்று நாளும் அது சும்மா நிற்கவில்லை. பின்சீட்டுகளை மடித்துப் போட்டு, கேன் கேனாகத் தெரிந்த இடமெல்லாம் போய்த் தண்ணீர் பிடித்து வந்து அழகம்மா வீட்டில் ஊற்றினார்கள். முன்சீட்டில் ராஜசேகர் உட்கார்ந்து, சுமைத் திறன் எழுநூறு கிலோ என்று யோகராஜுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தார். அழகம்மா ஒவ்வொரு கேனையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம் சென்னையிலிருந்து ஃபோன் வந்தது. அவர்தான் எடுத்தார்.

"அப்பா, சேந்துட்டேன். ரூம் பத்துக்குப் பன்னெண்டு. மூணு கட்டில். என் கட்டில் ஆறடி நீளம், ரெண்டரை அகலம். ஜன்னல் ஒண்ணு, அதுக்கு நாலு கம்பி. மெஸ்ஸுக்குப் படி முப்பத்தெட்டு. குழாய்ல தண்ணி தெனம் வருதுப்பா, தெனமும் ரெண்டு தடவ..."

ஷோபா பக்கத்தில் நின்று, "நல்லாத்தான் இருக்கா போல," என்றாள். நாகமுத்துகூட அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் அந்த மொழியைப் பல வருஷம் பேசிய மனிதருக்கு மட்டும் அது புரிந்தது. அந்தப் பிள்ளை அழுகிறது. எண்கள் இவ்வளவு வேகமாக வந்தால் வேறென்ன அர்த்தம்?

ராஜசேகர் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பாப்பா," என்றார், "நீ இல்லாம வீடு நல்லாவே இல்லம்மா."

மறுமுனையில் எண்கள் நின்றன. அவள் சத்தமாக அழுதாள். அவரும் அழுதார். ஷோபா ஃபோனைப் பிடுங்கி, இரண்டு பேரையும் திட்டிவிட்டு அவளும் அழுதாள். அழுது முடித்ததும் மூன்று பேருக்கும் நன்றாகப் பசித்தது.

பார்த்தீர்களா, எப்படிப்பட்ட பிறவிகள் இருக்கிறார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள், நீங்களும் நானும் அந்த இனமா என்ன? அது போகட்டும், போன வாரம் வெளியூரிலிருந்து உங்கள் மகன் பேசினானே, ரொம்ப நாளைக்கு அப்புறம். அவனிடம் நீங்கள் முதலில் என்ன கேட்டீர்கள்? "அங்க வெயில் எத்தன டிகிரி?"